ஜி பிளாக் பூதம் குள்ளனை எறிந்த கதை

நாலு விரல் உயரப் பூதங்களும் இரண்டு விரல் உயரக் குள்ளர்களுமாக எண்பத்தெட்டு மரப்பொம்மைகளுக்கு உயிர் வந்தது ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு, சரியாகத் தண்ணீர் லாரி வந்து நின்ற நேரத்தில் என்பதால், எங்கள் ஹவுசிங் போர்டின் எட்டு பிளாக்கிலும் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. குடங்களை நிரப்பிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறிய பிறகுதான் பீரோவுக்குள் யாரோ தும்முகிற சத்தம் கேட்டு, ஓகோ, பொம்மைகள் எழுந்துவிட்டன போலிருக்கிறது, இன்றைக்குப் பால் ஒரு பாக்கெட் கூட வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

அவை பூதப்பந்து ஆடுகிற பொம்மைகள். பூதப்பந்து என்றால் என்ன என்று கேட்பவர்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்களாக இருக்க வேண்டும், பாவம், அவர்களுக்காக ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பழைய கதவு ஒன்றில் முப்பது கட்டம் நீளமும் பதினாறு கட்டம் அகலமுமாகக் கோடு கிழித்த பலகை, பக்கத்துக்குப் பதினொரு பேர், புளியங்கொட்டை அளவில் ஒரு பந்து. பந்தைத் தூக்கிக்கொண்டு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் கோல். காலிக் கட்டத்தில் நடக்கப் பகடை வேண்டாம். எதிரியை இடித்துத் தள்ளவும், அவன் பிடியிலிருந்து நழுவவும், கீழே கிடக்கும் பந்தைப் பொறுக்கவும் பகடை உருட்டியாக வேண்டும். ஒன்று விழுந்தால் அந்த நொடியே கை மாறும், மிச்சமிருக்கிற ஆட்களை வைத்து நீ மனதில் கட்டிய கோட்டை எல்லாம் அம்போ.

இதில் இன்னொரு விதியும் உண்டு. பூதம் தன் பக்கத்தில் நிற்கிற குள்ளனைப் பந்தோடு சேர்த்துத் தூக்கி எதிரிகளின் தலைக்கு மேலே எறியலாம். இரண்டிலிருந்து ஆறு வரை எது விழுந்தாலும் குள்ளன் பறப்பான், ஒன்று விழுந்தால் பூதம் அவனைத் தின்றுவிடும். மரமாக இருந்த காலத்தில் தின்பது என்றால் குள்ளனை எடுத்து டப்பாவில் போடுவது, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே போடுவோம்.

இந்த ஆட்டத்தை நாங்கள் பொழுது போகாமல் ஆடவில்லை. ஜி பிளாக்குக்கும் எச் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஒரே கிரவுண்டுக்காக ஒரு காலத்தில் எட்டு பிளாக்கும் அடித்துக்கொண்டு பதினாலு மண்டை உடைந்ததும், இனிமேல் உடைவது மரமண்டையாகவே இருக்கட்டும் என்று சங்கத்தில் முடிவு செய்து, வருஷா வருஷம் பூதப்பந்தில் ஜெயிக்கிற பிளாக்குக்குத்தான் கிரவுண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். கடைசி ஆட்டம் சமனில் முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவனுக்கே கிரவுண்டு என்றும் அதில் இருக்கிறது. போன வருஷம் ஜெயித்தது எச் பிளாக். அவர்களுடைய கோச்சு தேசிங்கு, சொந்தமாக மூன்று குட்டி யானை சரக்கு வண்டி வைத்திருக்கிறவர், கிரவுண்டு முழுக்கத் தன் பிளாக் வண்டிகளை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்கள் பிளாக்குப் பெண் பிள்ளைகள் பதினொரு பேர், நிஜப் பந்தை நிஜக் காலால் உதைக்கிறவர்கள், ஒரு வருஷமாக மொட்டைமாடியில் ஆடினார்கள். பந்து மாடியிலிருந்து விழுந்து ஒருமுறை ஒருவருடைய சாம்பார்ச் சட்டியிலேயே இறங்கியது. இந்த வருஷமும் கிரவுண்டு இல்லையென்றால் பந்தை மூட்டை கட்டிவிட்டுத் தையல் கிளாசுக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளில் முன்னால் ஆடுகிறவள் ரிஸ்வானா, பதினைந்து வயது, அதைக் கேட்டு இரண்டு நாள் ஜெர்சியைக் கழற்றாமலே திரிந்தாள்.

இந்தப் பிள்ளைகளின் கோச்சும், எங்கள் பூதப்பந்துக் கோச்சும் ஒருவரேதான். அம்சவேணி. ரயில் பெட்டித் தொழிற்சாலை கேன்டீனில் காலை நாலரை மணிக்கு இட்லி ஊற்றுகிறவர், முட்டி போவதற்கு முன்னால் மாவட்டத்துக்கு ஆடியவர், வாயைத் திறந்தால் "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பிக்கிறவர். தெரியாது என்ற வார்த்தையை அவர் சொல்லி எங்களில் ஒருவரும் கேட்டதில்லை, கேட்க விரும்பியதும் இல்லை.

சித்திரையில் ஆட்களைப் பிரித்தபோது பொம்மைகள் இன்னும் மரமாகத்தான் இருந்தன. ஜமுக்காளத்தில் பரப்பி வைத்துச் சீட்டுக் குலுக்கினோம். முதல் சீட்டு தேசிங்குக்கு. அவர் பூதம், பூதம், பூதம் என்று ஆறு பூதங்களை அள்ளினார். மற்றவர்களும் அவரைப் பார்த்துப் பூதங்களுக்கே அடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் பெரியதாக இருப்பது ஜெயிக்கும் என்பது எங்கள் ஹவுசிங் போர்டின் அசைக்க முடியாத நம்பிக்கை, தண்ணீர் வரிசையிலிருந்து தேர்தல் வரைக்கும் அப்படித்தான். அம்சவேணிக்குக் கடைசிச் சீட்டு. நல்ல பூதங்கள் இரண்டு மிச்சம் இருக்கும்போதே அவர் ஒரு குள்ளனை எடுத்தார், அடுத்த சுற்றில் இன்னொரு குள்ளனை எடுத்தார், இப்படியே பத்துக் குள்ளர்களை எடுத்து முடித்தபோது நாங்களே தலையில் கை வைத்துக்கொண்டோம்.

"இன்னாமா அம்சா, பால்வாடி நடத்தப் போறியா?" என்றார் தேசிங்கு.

"உன் பூதம் இடிக்கும்ணா, எனக்குத் தெரியும். இடிக்க ஆளு அங்க நிக்கணும்ல?"

கடைசியாக, யாருக்கும் வேண்டாத ஒரு பூதம் ஜமுக்காளத்தில் தனியாகக் கிடந்தது. பெயர் மண்ணாந்தை. சொன்ன வேலையை மறந்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது அதன் விதி. பக்கத்துக் கட்டத்தில் ஒரு குள்ளன் நின்று நினைவுபடுத்தினால்தான் அசையும். பதினோராவது ஆளாக அதை அம்சவேணி எடுத்து முந்தானையால் துடைத்தார். அதற்குத் துணையாகச் சில்லு என்ற குள்ளனைப் போட்டார், பத்துப் பேரில் பொடியன், ஆனால் காலில் சக்கரம் கட்டியவன்.

இப்படித்தான் எங்கள் அணி அமைந்தது, இந்த அணிக்குத்தான் ஆடி மாதம் உயிரும் வந்தது.

உயிர் வந்ததும் முதல் வாரம் கொஞ்சம் பேஜார்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எட்டு கோச்சு வீட்டிலும் சோறு பத்தவில்லை. பொம்மைகள் பேசவில்லை, ஆனால் பசித்தால் தட்டைத் தட்டின, கோபம் வந்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்தன, ஆட்டத்தில் இடி வாங்கினால் மறுநாளும் நொண்டின. தெருமுனை மருந்துக்கடைக் கம்பவுண்டர் பஞ்சு வைத்து இத்தனூண்டு கட்டுப் போடக் கற்றுக்கொண்டார். பி பிளாக் டெய்லர் வெட்டுத் துணியில் எண்பத்தெட்டு லுங்கி தைத்துக் கொடுத்தார், பூதத்துக்குக் கட்டம் போட்டது, குள்ளனுக்குக் கோடு போட்டது. மாநகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்க வந்தவர் வீட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டபோது அம்சவேணி பதினாலு என்றார், அவரும் எட்டிப் பார்த்துவிட்டுப் பதினாலு என்றே எழுதிக்கொண்டு, தொட்டியை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வார்டு உறுப்பினர் ஒரு மாலைப்பொழுது வந்து பார்த்தார், இவர்களுக்கு ஓட்டு உண்டா என்று விசாரித்தார், இல்லை என்றதும் டீ குடிக்காமலே கிளம்பினார். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், தர்காவில் ஓதி ஊதினார்கள், அம்மன் கோயில் கூழ் வார்த்தலில் பொம்மைகளுக்கென்று ஒரு மூடியில் தனியாகக் கூழ் வைத்தோம், பூதங்கள் வெங்காயம் கேட்டு அடம் பிடித்தன. ஆவணி பிறப்பதற்குள் இவையெல்லாம் கேஸ் சிலிண்டர் வருவது மாதிரி சாதாரணமாகிவிட்டது.

ஒன்று மட்டும் சாதாரணமாகவில்லை. உயிர் வந்த மூன்றாம் வாரம் டி பிளாக் கோச்சு பழைய ஞாபகத்தில் பூதத்தைக் கொண்டு குள்ளனை எறியச் சொல்லிப் பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது. பூதம் தின்றது. டப்பாவில் போட ஒன்றுமில்லை. அன்றைக்கு டி பிளாக்கில் யார் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. தீப்பெட்டி அளவு பாடையில் அவனுடைய கோடு போட்ட லுங்கியை மட்டும் வைத்து, சாமந்தி தூவி, மேளம் அடித்து, எட்டு பிளாக்கும் பின்னால் நடந்தோம். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்குப் பிறகு எறிகிற விதி நோட்டில் இருந்தது, ஆனால் எறிகிறவர் ஒருவரும் இல்லை.

தேசிங்கு தன் பூதங்களைச் சேவல் வளர்க்கிற கணக்கில் வளர்த்தார். ஆட்டத்துக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி, தனித்தனி டப்பா, ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது. திறந்துவிட்டால் கண்ணில் பட்டதை எல்லாம் இடிக்கும். மோசமான ஆளில்லை அவர், ஆட்டம் முடிந்ததும் அவரே கறி வாங்கிப் போடுவார், ஆனால் வெறி இருந்தால்தான் வெற்றி என்று நினைத்தார். அம்சவேணி கேன்டீன்காரர், அவருக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது. பதினொரு பேருக்கும் ஒரே தட்டு. மண்ணாந்தைக்குச் சாப்பிடக்கூட மறந்துபோகும் என்பதால் சில்லு ஒவ்வொரு வாய்க்கும் அதன் கால் கட்டைவிரலை மிதிப்பான். மிதித்ததும் அது ஒரு பருக்கையை எடுத்து வாயில் போடும், அடுத்த பருக்கையை அவனுக்கு நீட்டும். நாங்கள் மாலையில் வேலைவெட்டியை விட்டுவிட்டு இதைப் பார்க்கப் போவோம்.

ஆட்டத்திலும் அம்சவேணிக்கு ஒரே பாடம்தான். பகடை தேவைப்படாத நகர்த்தலை எல்லாம் முதலில் முடி, பகடையைக் கடைசியில் தொடு. பந்து வைத்திருப்பவனைச் சுற்றி நாலு மூலைக்கும் ஒரு குள்ளன், மற்றவர்கள் சிதறி ஓடு, பூதம் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் முழிக்கட்டும். நாலு நாலு பிளாக்காகப் பிரித்து ஆடியதில் ஏ பிளாக்கை ஒன்று பூஜ்யம், சி பிளாக்கை ஒன்று பூஜ்யம், எஃப் பிளாக்கை இரண்டு ஒன்று என்று தாண்டினோம், மூன்று ஆட்டத்திலும் சேர்த்து அவர் பகடையை எடுத்தது முப்பது தடவைகூட இருக்காது. மண்ணாந்தை ஒரு மூலையில் நின்று வழியை அடைத்தது, அதுவே போதுமாக இருந்தது. வாய்க்கொழுப்பு எங்களுக்கு ஏறிவிட்டது, எச் பிளாக் வழியாகப் போகும்போது வேண்டுமென்றே விசில் அடித்துக்கொண்டு போனோம்.

கடைசி ஆட்டம் ஆவணி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அதே கிரவுண்டில், வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு ஷாமியானா போட்டு நடந்தது. நடுவர் ஏகாம்பரம் சார், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டவர். பிள்ளைகள் பதினொரு பேரும் ஜெர்சியோடு பலகையைச் சுற்றி நின்றார்கள். முதல் கோல் தேசிங்குக்கு. அவருடைய ஆறு பூதங்கள் பட்டினி வெறியில் எங்கள் நாலு பேரைச் சாய்த்துக்கொண்டு நடந்தன. இரண்டாவது பாதியில் சில்லு இரண்டு பூதங்களின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடி ஒரு கோல் போட்டான், ஷாமியானா கம்பு ஆடியது. ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் இடி, நழுவல், இடி என்று போய், எங்களுக்கு ஒரே ஒரு கை மிச்சம் இருந்தபோது நிலைமை இப்படி: நடுவில் மண்ணாந்தை, பக்கத்தில் பந்தோடு சில்லு, எதிரே ஆறு பூதங்களும் தோளோடு தோள் நின்று போட்ட சுவர், சுவருக்கு அப்பால் கோடு, பன்னிரண்டு கட்டம். சில்லு ஒரு கையில் ஓடக்கூடியது ஆறு கட்டம். சமன் என்றால் கிரவுண்டு எச் பிளாக்குக்கு.

அம்சவேணி மற்ற ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்தினார். யாரும் எதற்கும் பயன்படப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தும், பழக்கம் தவறாமல், பகடை வேண்டாத நகர்த்தல்களை எல்லாம் முடித்தார்.

"இன்னாமா, டைம் பாஸ் பண்றியா? கைய குடுத்துட்டு எய்ந்திரி," என்றார் தேசிங்கு. குரலில் கிண்டல்கூட இல்லை, கிட்டத்தட்டப் பரிதாபம்.

"எறியப் போறேன்ணா," என்றார் அம்சவேணி.

டி பிளாக் கோச்சு எழுந்து ஷாமியானாவுக்கு வெளியே போய்விட்டார். ரிஸ்வானாதான் முதலில் வாய் திறந்தாள். "அக்கா, வாணாம்கா. நாங்க தையல் கிளாசுக்கே போறோம். அவன் பாவம்கா."

"எனக்குத் தெரியும், சும்மா இரு."

சொல்லிவிட்டு அவர் பகடையை எடுக்கவில்லை. முட்டி வலியோடு மெல்லக் குந்தி, பலகையின் விளிம்பில் முகத்தை வைத்து, இதுவரைக்கும் எந்தக் கோச்சும் எந்தப் பொம்மையிடமும் செய்யாத ஒன்றைச் செய்தார். கேட்டார்.

"போறியா சில்லு? ஒன்னு உய்ந்தா இன்னா ஆவும்னு உனக்கே தெரியும். வாணாம்னா உக்காந்துக்கோ, நான் கைய குடுத்துர்றேன்."

எச் பிளாக்கில் ஒருவன், பொம்மையைக் கேட்பதற்கு விதி இல்லை என்று கத்தினான். ஏகாம்பரம் சார் நோட்டைப் புரட்டிவிட்டு, "கேக்கக் கூடாதுன்னும் இல்ல. உக்காரு," என்றார்.

சில்லு அம்சவேணியைப் பார்த்தான், ஜெர்சி போட்ட பிள்ளைகளைப் பார்த்தான், லுங்கியை மடித்துக் கட்டினான், பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மண்ணாந்தையின் கால் கட்டைவிரலை ஒரு மிதி மிதித்தான். பூதம் குனிந்து கையை விரித்தது. அவனே ஏறினான்.

அம்சவேணி பகடையை டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்தார். ஒன்று.

மண்ணாந்தையின் வாய் திறந்தது. அவசரம் இல்லாமல், விதி சொன்னபடி, அது சில்லுவைப் பந்தோடு உள்ளே வைத்து வாயை மூடியது. எங்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டோம். அம்சவேணி மூடவில்லை, அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். பூதம் மெல்லவில்லை. யோசித்துக்கொண்டு நின்றது. சாப்பிடும்போது ஏதோ ஒன்று குறைவது போல, தன் கால் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தது. மிதிக்க ஆள் இல்லை. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. பிறகு அதன் இரண்டு கன்னமும் உப்பின, கண் பிதுங்கியது, தூ என்று ஒரே துப்பு. எந்தப் பூதத்தின் கையும் எறிய முடியாத தூரம், ஆறு பூதங்களின் தலைக்கு மேலே, எச்சில் சொட்டச் சொட்டப் பறந்து, கோட்டைத் தாண்டி விழுந்து, மூன்று முறை உருண்டு, எழுந்து நின்று தும்மினான் சில்லு. பந்து அக்குளில் இருந்தது.

அப்புறம் எழுந்த கூச்சலில் நான் யாரையோ கட்டிக்கொண்டேன், பிறகு பார்த்தால் எச் பிளாக்குக்காரன். அவன் என்னை உதறிவிட்டு, ஒன்று விழுந்தால் கை மாறும், கோல் செல்லாது என்று கத்த ஆரம்பித்தான். ஏகாம்பரம் சார் நோட்டை இரண்டு தடவை படித்தார். "ஒன்னு விழுந்தா பூதம் தின்னும், கை மாறும்னு எழுதியிருக்கு. தின்னாதான் கை மாறுமா, தின்னலேன்னாலும் மாறுமா, அது எழுதல," என்று சொல்லி மூடினார். நோட்டில் இல்லாத வழக்கு வந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கோல் வாங்கின பக்கத்துக் கோச்சு, தன் ஆள் ஒருவனைத் தொட்டுக்கொண்டு, தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அடுத்த வருஷம் முழுக்க அவனுக்குப் பகடை விழாது என்று நம்பிக்கை.

தேசிங்கு எழுந்து வந்தார். சுவரின் நடுவில் நின்ற தன் பெரிய பூதத்தின் தலையில் விரலை வைத்தார். இரண்டு நாள் பட்டினியில் அது அந்த விரலையே கடிக்கப் பார்த்தது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு வண்டிக்காரர், கிரவுண்டு போனால் வண்டிகளை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தவேண்டி வரும் என்று அவருக்கும் தெரியும்.

"என் பூதமா இருந்தா துன்னுட்டிருக்கும்," என்றார். "கோலுதான் சார். எய்திக்குங்க."

திங்கட்கிழமை மாலைக்குள் வண்டிகள் போய்விட்டன. பிள்ளைகள் எண்ணெய்க் கறை மேல் மண் தூவி, செருப்பை அடுக்கிக் கோல் கம்பம் வைத்தார்கள். அன்றைக்கு முழுவதும், கேன்டீனில், தண்ணீர் வரிசையில், படிக்கட்டில், பார்த்தவர் எல்லோரும் அம்சவேணியிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், மண்ணாந்தை தின்னாது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று. "எனக்குத் தெரியும்," என்றார் அவர் எல்லோரிடமும், வழக்கமான குரலில், வழக்கமான தலைநிமிர்வோடு. நாங்களும் அதைத்தான் எதிர்பார்த்தோம், எங்கள் கோச்சு அப்படித்தான்.

ரிஸ்வானா மட்டும் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "அக்கா, நிஜமாவே தெரியுமாக்கா?"

அம்சவேணி சுற்றும் முற்றும் பார்த்தார். நான் பக்கத்தில் நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

"தெரியாதுடி," என்றார். "ஒன்னு உய்ந்தப்போ எனக்கு உசுரே போயிடுச்சு. நான் பகடைய நம்பித்தான் எறிஞ்சேன், ஆறுல அஞ்சு இருக்குதேன்னு. அந்தப் பொடியன் பகடைய நம்பி ஏறலடி. அவன் மண்ணாந்தைய நம்பி ஏறுனான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசிலை எடுத்து ஊதினார்.